கியர் இல்லாத வண்டி

மோட்டார் சைக்கிள் ஓட்ட ஆசைப்பட்ட பெண்ணுக்கு எங்கள் வீட்டில் மூன்று பதில்கள் தயாராக இருந்தன. கிக்கரை உதைக்கக் காலில் வலு போதாது. கிளட்சையும் கியரையும் சேர்த்துப் பழகக் கை வராது. வண்டி சாய்ந்தால் தூக்கி நிறுத்த முடியாது. அப்பா இதைக் கோபமாகச் சொன்னதே இல்லை. நாளைக்கு மழை வரும் என்பதுபோலச் சொல்வார். அண்ணனின் யெஸ்டியைத் துடைக்க மட்டும் எனக்கு அனுமதி இருந்தது. வாளியில் சோப்புத் தண்ணீர் கலந்து ஒவ்வொரு ஸ்போக்ஸாகத் துடைத்துத்தான் அந்த வண்டியின் உறுப்புகளைத் தெரிந்துகொண்டேன். யெஸ்டியில் கிக்கரும் கியரும் ஒரே தண்டு. முன்பக்கம் இருந்தால் கியர். உள்ளே அழுத்திப் பின்பக்கம் திருப்பினால் கிக்கர். எனக்கு விலக்கப்பட்ட இரண்டும் ஒரே இரும்பில் இருந்தன.

எனக்குக் கிடைத்தது டிவிஎஸ் 50. கல்லூரியில் சேர்ந்தபோது அப்பாவே ஒரு பழைய வண்டியை வாங்கித் தந்தார். அதற்குக் கியர் கிடையாது. வேலைக்கு வந்து என் சம்பளத்தில் வாங்கியது ஸ்கூட்டி. அதற்கும் கியர் கிடையாது. கியர் இல்லாதது லேடீஸ் வண்டி, கியர் உள்ளது ஜென்ட்ஸ் வண்டி. ஷோரூம்காரர், பக்கத்து வீட்டு மாமா, ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் படிவம் நிரப்பித் தருகிறவர் என எல்லோருக்கும் இந்தப் பாகுபாடு தெரிந்திருந்தது. அரசுக்கும் தெரிந்திருந்தது. 2018இல் தமிழ்நாட்டில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான இருசக்கர வாகன மானியத் திட்டம் வந்தபோது பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் என்று உதவி கிடைத்தது. வண்டி கியர் இல்லாததாகவோ தானியங்கிக் கியர் உள்ளதாகவோ இருக்க வேண்டும், 125 சிசியைத் தாண்டக்கூடாது. பல பெண்களின் அன்றாடத்தை எளிதாக்கிய நல்ல திட்டம்தான். கூடவே, பெண்ணின் வண்டி எது என்று எழுத்தில் ஒரு வரையறையும் கிடைத்துவிட்டது.

வரையறை அதற்கும் முன்னாலேயே இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னிருக்கை உள்ள மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் தாங்கி, ஆடை சக்கரத்தில் சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் காப்பைத்தான் நாம் சாரி கார்டு என்கிறோம். விதியில் பெண் என்ற சொல்லே இல்லை. ஆனால் அங்கே ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருப்பது யார் என்று நமக்குத் தெரியும். அந்த விதி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. நான் சொல்ல வருவது, மோட்டார் சைக்கிள் நம்மை எங்கே உட்கார வைத்து யோசித்தது என்பதை மட்டும்.

இத்தனையும் நினைவுக்கு வந்ததற்குக் காரணம், சாரி கார்டும் இல்லாமல், பெரும்பாலும் பின்னிருக்கையும் இல்லாமல் வரும் ஒரு வண்டி. மண்ணிலும் கல்லிலும் மேட்டிலும் ஓட்டுவதற்கென்றே செய்யப்படும் மின்சார மோட்டார் சைக்கிள். நான் சொன்ன மூன்று பதில்களில் இரண்டு அதற்குப் பொருந்தவே பொருந்தாது. கிக்கர் கிடையாது. கிளட்சும் கியரும் கிடையாது. வலது கையால் முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும். நமக்கென்று ஒதுக்கிய அதே கியர் இல்லாத வண்டி.

ஒரு வேறுபாடு உண்டு. இப்போது உலகத்தின் மிக மூர்க்கமான மோட்டோகிராஸ் வண்டிகளில் ஒன்று கியர் இல்லாதது. 2021இல் அறிமுகமான ஸ்டார்க் வார்க் 80 குதிரைத்திறன் கொண்டது. அதே பந்தயங்களில் ஓடும் 450 சிசி பெட்ரோல் வண்டிகள் 60ஐ ஒட்டியே நிற்கின்றன. பெட்ரோல் எஞ்சின் வேகமெடுத்த பிறகுதான் முழு இழுவையைத் தரும்; அதற்காகத்தான் கியரும் கிளட்சும். மின் மோட்டாரோ அசையத் தொடங்கும் நொடியிலேயே முழு இழுவையையும் தந்துவிடும். செங்குத்தான மேட்டில் நின்றுபோன வண்டியை மறுபடி கிளப்பும்போது இதன் அருமை தெரியும். பெட்ரோல் வண்டியில் ஒரு கை கிளட்சில், ஒரு கால் பிரேக்கில், இன்னொரு கால் தரை தேடி, எஞ்சின் அணைந்தால் திரும்ப உதைத்து என்று நான்கு வேலை. இங்கே ஒன்றுதான். எவ்வளவு வேகத்தில் திறனைத் தரவேண்டும் என்பதையும் ஒரு பொத்தானில் குறைத்துக் கூட்டலாம். பழகுபவளுக்கு ஒரு வண்டி, பழகியவளுக்கு இன்னொரு வண்டி, இரண்டும் ஒரே உடம்பில்.

எங்கள் தருமபுரிப் பக்கத்திலிருந்து பெங்களூர் தூரமில்லை. அங்கே 2025 மார்ச்சில் அல்ட்ராவயலெட் நிறுவனம் ஷாக்வேவ் என்ற மின் வண்டியை அறிவித்தது. மண்பாதைக்கும் தார்ச்சாலைக்கும் பொதுவானது. 120 கிலோ எடை, 4 கிலோவாட் மணி பேட்டரி, 14.5 குதிரைத்திறன், முதல் ஆயிரம் பேருக்குப் பிறகு விலை 1.75 லட்சம் ரூபாய் என்றது அறிவிப்பு. அதே ஊரில் மின்னணு வடிவமைப்பு வேலையில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி செய்தியை எனக்கு அனுப்பி, "மேம், ஞாயித்துக்கிழமை வாங்க. வேற ஒரு எலக்ட்ரிக் டர்ட் பைக் எங்க கிரவுண்ட்ல இருக்கு, ஓட்டிப் பாக்கலாம்" என்றாள். எனக்கு வயது நாற்பத்தாறு, உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். போனேன்.

ஊருக்கு வெளியே தரிசு நிலத்தில் மண்மேடுகளும் பள்ளங்களும் டயர் அடுக்குகளுமாக ஒரு பயிற்சிக் களம். முதல் பாடமாக அவள் வண்டியைத் தரையில் படுக்க வைத்தாள். "ஓட்டறதுக்கு முன்னாடி தூக்கக் கத்துக்கணும் மேம்." ஹாண்டிலை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி, சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹாண்டிலையும் இன்னொரு கையால் சட்டகத்தையும் பிடித்து, கால்களை ஊன்றிப் பின்னோக்கி நடக்க வேண்டும். இழுப்பது கை இல்லை, தொடை. மூன்றாவது முயற்சியில் வண்டி எழுந்தது. அப்பாவின் மூன்றாவது பதில் வலுவைப் பற்றியதாக இருந்ததே இல்லை, முறையைப் பற்றியது. அந்த முறையை வீட்டில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு காரியத்தைப் பெண்ணால் முடியாது என்று சொல்வதற்கும் அதைச் செய்யும் வழியைப் பெண்ணுக்குச் சொல்லாமல் இருப்பதற்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு.

பிறகு ஏறினேன். ஏறியதும் அடுத்த தடை தெரிந்தது: சீட்டின் உயரம். இந்த வகை வண்டிகளுக்குக் கல்லில் அடி படாமல் இருக்க வயிற்றுப்பகுதி உயரமாக இருக்க வேண்டும்; குதித்து இறங்கும்போது அமுங்க சஸ்பென்ஷனும் நீளமாக இருக்க வேண்டும். அதனால் சீட் 90 சென்டிமீட்டரைத் தொடும், தாண்டும். கேடிஎம் ஃப்ரீரைடு இ வண்டியில் அது 91 சென்டிமீட்டர். இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் 152 சென்டிமீட்டர் அளவில்தான். கணக்குப் போட்டால் என் கால் தரையைத் தொட ஒரு சாண் மிச்சம். மின்சாரம் கிக்கரையும் கிளட்சையும் எடுத்துவிட்டது, உயரத்தை எடுக்கவில்லை. வண்டிக்கு அளவெடுத்தபோது எந்த உடம்பு நின்றுகொண்டிருந்ததோ, அதே உடம்புதான் இன்னும் நிற்கிறது. ஹெல்மெட்டும் முழங்கால் காப்பும் பூட்ஸும்கூட அப்படித்தான். அந்தக் களத்தில் என் காலுக்குச் சரியாக இருந்த பூட்ஸ், பதினான்கு வயதுப் பையன்களுக்கு வாங்கி வைத்தது.

ஒரு மண்மேட்டின் ஓரமாக வண்டியை நிறுத்தி, மேட்டில் இடது காலை ஊன்றிக் கிளம்பினேன். முறுக்கியதும் வண்டி என் கீழிருந்து வழுக்கிக்கொண்டு போனது. செயின் ஓடும் ஓசை, சரளை நொறுங்கும் ஓசை, ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு. அவ்வளவுதான். தாங்கிகளில் எழுந்து நின்று முழங்காலை மடக்கினால் பள்ளங்களை வண்டி வாங்கிக்கொள்கிறது, உடம்புக்கு வருவதில்லை. மூன்றாவது சுற்றில் ஒரு சின்ன மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினேன். இருபத்தைந்து ஆண்டுகள் வகுப்பில் நின்று பேசிய உடம்பு, வேறு ஒரு வேலைக்கும் தான் இருப்பதை எனக்குச் சொன்னது.

களத்தின் பயிற்சியாளர் நல்ல மனிதர், பெட்ரோல் பந்தய வண்டிகளில் வளர்ந்தவர். டீ குடிக்கும்போது சொன்னார்: "மேடம், எலக்ட்ரிக்ல ஆத்மா இல்ல. கிளட்ச் இல்லன்னா அது பைக்கே இல்ல. சத்தமே வராதே!" அவர் வருத்தம் உண்மையானது, கையாலும் காதாலும் ஒரு எஞ்சினை அறிந்தவரின் திறமை இது. அந்தத் திறமைக்கு இனி வேலை குறையும். ஆனால் எனக்கு வேறொன்றும் கேட்டது. நாற்பது வருடமாக நம் தெருக்களில் கியர் இல்லாத வண்டி பொம்பளை வண்டி. அது 80 குதிரைத்திறனோடு வந்து நின்றதும் அதற்கு ஆத்மா இல்லை என்று பேச்சு மாறுகிறது.

பெண்களால் மண்ணில் ஓட்ட முடியுமா என்பது எப்போதோ தீர்ந்த கேள்வி. 1934இன் இறுதியில் தெரசா வாலக்கும் ஃப்ளாரன்ஸ் பிளங்கிரனும் லண்டனிலிருந்து புறப்பட்டு, பக்கவண்டி பூட்டிய மோட்டார் சைக்கிளில் சகாராவைக் கடந்து கேப் டவுன் சேர்ந்தார்கள். ஸ்பெயினின் லாயா சான்ஸ் 2015 டக்கார் பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் பிரிவில் ஆண்களும் சேர்ந்த வரிசையில் 9ஆவதாக வந்தார். பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019இல் எஃப்.ஐ.எம். பாஹா உலகக் கோப்பையின் பெண்கள் பிரிவை வென்றார். இவர்கள் எல்லோரும் கிளட்சோடும் கியரோடும்தான் போனார்கள். 2023இல் மின் வண்டிகளுக்கென்றே எஃப்.ஐ.எம். இ-எக்ஸ்ப்ளோரர் உலகக் கோப்பை பார்சிலோனாவில் தொடங்கியபோது, ஓர் அணிக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று விதி வைத்தார்கள். இந்த விதிக்கும் மோட்டாருக்கும் சம்பந்தமில்லை. பெட்ரோல் பந்தயங்களிலும் இதை என்றோ வைத்திருக்கலாம். விளையாட்டு புதிதாகத் தொடங்கியதால், பழைய பழக்கம் உட்காருவதற்கு முன் விதியை உட்கார வைக்க முடிந்தது. புதிய இயந்திரம் நமக்குத் தரும் பெரிய வாய்ப்பு இது என்று நினைக்கிறேன்: எல்லாம் இன்னும் இறுகிப்போகாத கொஞ்ச காலம்.

அந்த ஓசையின்மையை நான் சும்மா கடந்துபோக முடியாது. ஸ்வீடனின் கேக் நிறுவனம் (பெயரே அதுதான்) தன் மின் வண்டிகளை வேட்டைத் தடுப்புக் காவலுக்கென மாற்றி, தென்னாப்பிரிக்காவில் குரூகர் பூங்காவை ஒட்டியுள்ள தென் ஆப்பிரிக்க வனவிலங்குக் கல்லூரியோடு சேர்ந்து காட்டில் இறக்கியது. பெட்ரோல் வண்டியின் சத்தம் காண்டாமிருகத்தை வேட்டையாட வருபவனுக்கு வெகு தூரத்திலேயே எச்சரிக்கை கொடுத்துவிடும். மின் வண்டி கொடுக்காது. காட்டுக்குள் எரிபொருள் கொண்டுபோகவும் வேண்டாம், சூரிய மின்சாரம் போதும். அதே வட்டாரத்தில் 2013 முதல் பிளாக் மாம்பா என்ற பெண்கள் காவல் அணி கையில் துப்பாக்கி இல்லாமல் ரோந்து போகிறது. சத்தமில்லாமல் காட்டைக் கவனிப்பது ஒரு வலிமை என்று அந்தப் பெண்கள் நடந்தே காட்டினார்கள்.

இரவு எட்டு மணிக்கு மேல் வண்டியில் தெருமுனை திரும்பும் பெண்ணுக்கும் சத்தமின்மையின் பயன் தெரியும். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று தெரு கணக்கெடுப்பது காதால்தான். ஆனால் அதே அமைதி மலைப்பாதைக்குப் போனால் கதை வேறு. விறகுக் கட்டோடு வளைவில் இறங்கும் பெண்ணுக்குப் பின்னால் வண்டி வருவது தெரியாது. யானைக்கும் தெரியாது, திடுக்கிட்ட யானைக்கு முன்னால் 80 குதிரைத்திறனும் சின்னதுதான். சத்தம் இல்லை, புகை இல்லை என்பதாலேயே காப்புக்காட்டுக்குள் போனாலும் பாதிப்பில்லை என்ற எண்ணம் சிலரிடம் வளர்கிறது. முள் டயர் மண்ணைக் கிழிப்பதில் பெட்ரோல், மின்சாரம் என்ற வேற்றுமை கிடையாது. மழைக்கு முன்னால் கிழிந்த தடம் மழைக்குப் பின்னால் ஓடையாகிவிடும். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது எந்த வண்டியிலும் குற்றம்தான்.

அடுத்தது பேட்டரியின் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. 4 கிலோவாட் மணி பேட்டரி என்றால் அரை லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவு. எஞ்சின் தன் எரிபொருளில் முக்கால் பங்கைச் சூடாக வீணாக்கும், மோட்டார் பத்தில் ஒரு பங்கைத்தான் வீணாக்கும் என்பதால், நடைமுறையில் அந்தப் பேட்டரி ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் பெட்ரோலுக்கு ஈடு. தார்ச்சாலையில் மெதுவாகப் போனால் நூறு கிலோமீட்டருக்கு மேல் தாங்கும். மணலிலும் சேற்றிலும் மேட்டிலும் அந்தக் கணக்கு வேகமாகக் கரையும். கேடிஎம்மின் முதல் மின் வண்டி 2014இல் வந்தபோது மண்ணில் ஒரு மணி நேர ஓட்டம் என்பதே பேச்சு. தீர்ந்துவிட்டால் பாட்டிலில் வாங்கி ஊற்றவும் முடியாது. வீட்டு 5 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு ஒரு கிலோவாட் மணிக்குச் சற்று மேல்தான் ஏறும். நிரம்ப நான்கு மணி நேரம்.

ஆண் ஓட்டுநர்கள் இதைப் பெரிய குறையாகப் பேசுகிறார்கள். பாதிக்குக் கீழே இறங்கியதும் திரும்ப வேண்டியிருக்கிறது, மனம் போன திசையில் போக முடியவில்லை என்று. இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி வரும் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளாமல் வீட்டைவிட்டு வெளியே போன பெண் யார்? கவியரங்கம் எத்தனை மணிக்கு முடியும், கடைசிப் பேருந்து எது, பிள்ளைக்குச் சோறு யார் போடுவார்கள், இருட்டுவதற்குள் வந்துவிட முடியுமா. நாம் எப்போதும் பாதி சார்ஜில் திரும்புகிறவர்கள். அந்தப் பயிற்சி நமக்கு உண்டு என்பதற்காக இந்தக் குறையைப் புகழ மாட்டேன். பேட்டரி மேம்படும், நூறு கிலோமீட்டர் இருநூறாகும். நமது திரும்பும் கணக்கை மேம்படுத்தும் தொழிற்சாலை எங்கும் கட்டப்படவில்லை.

என் வகுப்பில் ஒருமுறை கலைச்சொல்லாக்கம் நடத்தினேன். ஆஃப்-ரோடு என்பதற்குத் தமிழ் கேட்டேன். சாலை விலகல், கரட்டுப்பாதை, தடமிலி என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். பென்னாகரம் பக்க மலைக் கிராமத்திலிருந்து வரும் மாணவி மட்டும், "எங்க ஊர்ல அதுக்குப் பேரு ரோடுதான் மேம்" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அந்தத் தாலுகாவின் கோட்டூர் மலைக்குப் பல தேர்தல்களில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை சுமந்துபோனது செய்தியானது. பிரசவ வலி வந்தவளைத் துணித் தூளியில் இரண்டு பேர் தோளில் சுமந்து இறக்குவதும் இந்த மலைகளில் புதிதில்லை. சாலை இருப்பவர்களுக்குத்தான் சாலையை விட்டு விலகுவது விளையாட்டு.

சங்க இலக்கியம் நடத்துகிறவளுக்கு இந்தச் சொற்கள் பழக்கமானவை. அதர், இயவு, சுரம் என்று கரடான வழிகளுக்கு எத்தனை பெயர்கள்! கவலை என்ற சொல்லுக்கே பல கிளையாகப் பிரியும் வழி என்ற பொருள் உண்டு. அகமரபில் பொருள் தேடிச் சுரம் கடப்பவன் தலைவன். தலைவி வீட்டில் இருந்து நாள் எண்ணுவாள். உடன்போக்கில் மட்டும் அவளும் சுரம் கடப்பாள், அவன் பின்னால். கடல்வழிப் பயணத்தில் பெண்ணை அழைத்துப் போகும் வழக்கமில்லை என்று தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறது. ஆனால் அதே காலத்தில் பாணரோடு விறலியரும் மலை மலையாக நடந்தார்கள். கரட்டு வழி பெண்ணுக்கு ஆகாது என்பது வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் சொல்லப்பட்டது. பிழைப்புக்காக நடந்தவளுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. இன்றும் மலைக்கு மேல் தண்ணீரும் விறகும் ரேஷன் அரிசியும் பெரும்பாலும் பெண்ணின் தலையில்தான் போகின்றன. அதே தடத்தில் அவளுடைய அண்ணன் பழைய எக்ஸெல்லிலோ ஸ்பிளெண்டரிலோ ஏறிவிடுகிறான்.

அந்த மாணவிக்கு மின் வண்டியின் படத்தைக் காட்டினேன். அவள் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதுகிறேன். எவ்வளவு? மழைக்காலத்தில் நாலு நாள் கரண்ட் இல்லாவிட்டால்? ரிப்பேர் ஆனால் எங்கள் ஊர் மெக்கானிக் பார்ப்பாரா? அரிசி மூட்டை வைக்க இடம் எங்கே? கடைசியாக, "வாங்கினா என் தம்பிதான மேம் ஓட்டுவான்?" இந்தத் தொழிலை ஆராய்பவர்கள் எழுதும் அறிக்கைகளில் இதைவிட நல்ல கேள்விகளை நான் பார்த்ததில்லை.

ஸ்பார்க் பிளக்கைச் சுத்தம் செய்து, கார்புரேட்டரைக் கழற்றி மாட்டும் மெக்கானிக்குக்கு மின் வண்டியில் தொட ஒன்றுமில்லை. பூட்டிய பேட்டரிப் பெட்டி, பூட்டிய மென்பொருள். நிறுவனம் இருக்கும்வரைதான் வண்டி. கலிபோர்னியாவின் ஆல்டா மோட்டார்ஸ் நல்ல மின் மோட்டோகிராஸ் வண்டி செய்தது. 2018 அக்டோபரில் மூடியது. ஆப்பிரிக்கக் காட்டுக்கு வண்டி அனுப்பிய கேக் 2024 பிப்ரவரியில் திவாலானது. வாங்கியவர்கள் உதிரிபாகம் தேடி அலைந்தார்கள். நகரத்தில் இருப்பவருக்கு அது நஷ்டம். மலையில் கடன் வாங்கி வாங்கியவளுக்கு அது மீளாத கடன்.

வேறு வழி உண்டா என்று தேடியபோது ஜிம்பாப்வே கிடைத்தது. அங்கே மொபிலிட்டி ஃபார் ஆப்பிரிக்கா என்ற நிறுவனம் 2019 முதல் வெட்ஸா மாவட்டத்தின் மண்பாதைகளில் ஹம்பா என்ற மின் மூன்று சக்கர வண்டியை ஓட விட்டிருக்கிறது. கிராமத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாடகைக்கு எடுக்கிறார்கள். சூரிய மின்சாரத்தில் சார்ஜ் ஆகும் நிலையத்தில் தீர்ந்த பேட்டரியைக் கொடுத்து நிறைந்ததை வாங்கிக்கொள்கிறார்கள். காய்கறி சந்தைக்குப் போகிறது, நோயாளி மருத்துவமனைக்குப் போகிறார். ஹம்பா பாயாது, குதிக்காது, பந்தயத்தில் ஓடாது. என் மாணவியின் ஐந்து கேள்விகளில் நான்குக்காவது அதில் பதில் இருக்கிறது.

குழுவாகப் பெண்கள் வண்டி பழகியதற்கு நமக்கும் முன்னோர் உண்டு. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சைக்கிளும் வந்தது. கல் உடைத்த பெண்களும் வயல் வேலை பார்த்த பெண்களும் ஆயிரக்கணக்கில் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டார்கள். நடுவில் இருக்கும் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. யாருக்காகச் செய்த வண்டி என்று அவர்கள் பார்க்கவில்லை, தங்கள் வேலைக்கு எப்படி ஆகும் என்று பார்த்தார்கள். சைக்கிளைத் தெருவிலேயே திறந்து தெருவிலேயே மூட முடிந்தது. மின் வண்டியைத் திறக்கத் தெரிந்த பெண்கள் வேண்டும். ஐ.டி.ஐ.களில் மின் வாகனப் பழுது பார்க்கும் பிரிவில் மலை மாணவிகளுக்கு இடம் கேட்பது, வண்டியை இலவசமாகக் கேட்பதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன்.

எங்கள் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், போச்சம்பள்ளிக்கு அருகே, ஓலா நிறுவனம் தன் மின் ஸ்கூட்டர் தொழிற்சாலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021இல் அறிவித்தது. மின் வண்டியின் உறுப்புகளை இணைக்கும் வரிசையில் நம் பெண்கள் நிற்கிறார்கள். அந்த வரிசையின் மறுமுனையில் இன்னொரு பெண் இருக்கிறாள். பேட்டரிக்கு வேண்டிய கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோவிலிருந்து வருகிறது. அங்கே கையால் தோண்டும் சுரங்கங்களின் ஓரத்தில் பெண்களும் சிறுமிகளும் ஓடைத் தண்ணீரில் நின்று தாதுக்கல்லைக் கழுவுகிறார்கள். கோபால்ட் இல்லாத இரும்பு-பாஸ்பேட் பேட்டரிகள் இப்போது வந்துவிட்டன. அவை சற்றுக் கனமானவை. சில கிலோ எடைக்கு எதிர்த்தட்டில் அந்தப் பெண்ணின் கால்கள் இருக்கின்றன. வண்டி வாங்கும்போது மைலேஜ் கேட்பதுபோல, பேட்டரி எந்த வகை என்றும் கேட்கலாம்.

என் மாணவிகள் கேட்பதுண்டு: அப்படியானால் இந்த வண்டி நமக்கு நல்லதா, கெட்டதா? இது செய்த ஒரு நல்லதை மறக்காமல் சொல்வேன். நூறு வருடமாகப் பெண்ணுக்குச் சொல்லப்பட்ட காரணங்களை இது ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டது. உதைக்க வேண்டாம், மாற்ற வேண்டாம், காது கிழிய வேண்டாம். இனி மிச்சமிருக்கும் தடைகளில் ஒன்றைக்கூட இயந்திரத்தின் மேல் போட முடியாது. சீட்டின் உயரம் ஒரு முடிவு. விலை ஒரு முடிவு. பேட்டரிப் பெட்டியைப் பூட்டி வைப்பது ஒரு முடிவு. மலைக்குச் சாலை போடாமல் இருப்பதும் ஒரு முடிவுதான். அதை நல்ல டயர் வைத்த வண்டி எதுவும் மன்னித்துவிடக்கூடாது. வண்டிதான் வந்துவிட்டதே, ரோடு எதற்கு என்று யாராவது சொன்னால், தூளியில் இறங்கியவளைக் கேட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டும்.

அந்த மாணவியின் ஐந்தாவது கேள்விக்கு மட்டும் எந்த நாட்டிலும் எந்தப் பொறியாளரும் பதில் செய்யவில்லை. தம்பி ஓட்டுவதைப் பற்றி நான் அவளிடம் இரண்டு விஷயம் சொன்னேன். கடன் உன் பெயரில் என்றால் ஆர்.சி. புத்தகமும் உன் பெயரில் இருக்கட்டும். சாவி எந்த ஆணியில் தொங்க வேண்டும் என்பதை வண்டி வீட்டுக்கு வரும் முதல் நாளே நீ முடிவு செய். அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு, "லைசன்ஸ் எப்ப மேம் எடுக்கலாம்?" என்று கேட்டாள்.